சந்தைச் சுங்கம்: எலவனாசூர்கோட்டை வட்டாரத்தின் ஆயிரம் வருடக் கணக்கு

ஒரு கீரைக்கட்டு பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாங்க வருகிறவர் எட்டு ரூபாய்க்குக் கேட்பார். விற்கிற அம்மா "போணி ஆகலை சாமி" என்பார். கடைசியில் பத்து ரூபாய்க்கே கொடுத்துவிட்டு, கொசுறாக நாலு கறிவேப்பிலைக் கொத்தைச் சேர்த்துப் போடுவார். இரண்டு பேருக்கும் திருப்தி.

ஆனால் அந்தப் பத்து ரூபாயும் அந்த அம்மாவுடையதா? தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்ததற்கு ஒரு காசு, கட்டைச் சந்தைக்குக் கொண்டுவர வண்டிக் கூலி, விதை வாங்கக் கொடுத்தவருக்கு வட்டி, சில சமயம் தரகு. எல்லாம் போக மிஞ்சுவதுதான் அவர் பங்கு.

சந்தையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அங்கே என்ன கிடைக்கும் என்று எழுதுவார்கள். காய்கறி பச்சென்று இருக்கும், மண்பானை மலிவு, மூங்கில் கூடை அழகு, இப்படி. அது தேவைதான். ஆனால் சந்தையின் உண்மையான வரலாறு வேறு இடத்தில் இருக்கிறது. விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் யார் நின்றார்கள், எவ்வளவு எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் அந்த வரலாறு. எலவனாசூர்கோட்டையைச் சுற்றியுள்ள வட்டாரத்தை எடுத்துக்கொண்டால் இந்தக் கணக்கை ஏறக்குறைய ஆயிரம் வருடத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். பார்ப்போமா?

கோட்டையும் பேட்டையும்

உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகும் சாலையில் இருக்கிறது எலவனாசூர்கோட்டை. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். அதற்கு முன், 1993 வரை, இந்தப் பகுதி முழுவதும் பழைய தென்னார்க்காடு மாவட்டம். இந்த ஊருக்குச் சோழர் காலக் கல்வெட்டுகளில் வேறு பெயர்: இறையானரையூர். இங்குள்ள பழைய சிவன் கோயிலின் கல்வெட்டுகள் அந்தப் பெயரைச் சொல்கின்றன. "கோட்டை" என்ற வால் பின்னால் ஒட்டிக்கொண்டது. 1750களில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கர்நாடகப் போர்களில் மோதிக்கொண்டபோது இந்தக் கோட்டையும் பக்கத்துத் தியாகதுருகம் மலைக்கோட்டையும் அந்தச் சண்டையில் சிக்கின.

இப்போது சுற்றியுள்ள ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள். உளுந்தூர்பேட்டை, மணலூர்பேட்டை, மங்கலம்பேட்டை! "பேட்டை" என்றால் வணிகர்களும் கைத்தொழில் செய்வோரும் குடியிருந்து, சரக்கு வந்து இறங்கி விற்பனையாகும் இடம். கோட்டை என்றால் அதிகாரம் இருக்கும் இடம். தென்னிந்தியாவில் விஜயநகர காலத்திலும் அதற்குப் பின்னும் இவை இரண்டும் ஜோடியாகவே வளர்ந்தன. நல்ல உதாரணம் பெங்களூர். கெம்பே கவுடா 16ஆம் நூற்றாண்டில் அமைத்த அந்த ஊரில் "கோட்டே" ஒரு பக்கம், "பேட்டே" ஒரு பக்கம். சிக்பேட்டை, பளேபேட்டை என்று இன்றும் அந்தப் பெயர்கள் இருக்கின்றன. ஆங்கிலேயர் தங்கள் போர்க் குறிப்புகளில் "பெட்டா" என்று எழுதியதும் இந்தப் பேட்டையைத்தான்.

கோட்டைக்குப் பேட்டை ஏன் தேவை? சோறும் துணியும் வேண்டும், அதைவிட முக்கியமாக வரி வேண்டும். பேட்டைக்குக் கோட்டை ஏன் தேவை? பாதுகாப்பு வேண்டும். ஆக, பாதுகாப்புக்கு விலை சுங்கம். ஆரம்பமே இங்குதான்.

அங்காடிப் பாட்டம்

தமிழில் சந்தைக்குப் பழைய சொல் அங்காடி. பகலில் நடப்பது நாளங்காடி, இரவில் நடப்பது அல்லங்காடி என்று சங்க இலக்கியக் காலத்திலேயே இரண்டு பெயர் வைத்திருந்தார்கள். அதெல்லாம் மதுரை, புகார் மாதிரி பெரிய நகரங்களின் கதை. நடுநாட்டுக் கிராமங்களின் கதையைக் கல்வெட்டுகளில்தான் தேட வேண்டும்.

பல்லவர், சோழர் காலச் செப்பேடுகளிலும் கல்வெட்டுகளிலும் வரும் வரிகளின் பட்டியலைப் பார்த்தால், அது ஒரு சந்தையை நடந்து பார்த்து எழுதியது போலவே இருக்கும். கடை வைத்தவருக்கு அங்காடிப் பாட்டம். தறி வைத்தவருக்குத் தறி இறை. எண்ணெய் ஆட்டுபவருக்குச் செக்கிறை. நகை செய்பவருக்குத் தட்டார்ப்பாட்டம். பானை செய்யும் குயவருக்குக் குசக்காணம். தரகருக்கும் தரகு என்றொரு வரி. அதாவது சந்தைக்கு வரும் ஒவ்வொரு கைக்கும் தனித்தனியாகப் பெயர் வைத்து வரி போட்டிருக்கிறார்கள்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. பானை விற்றதா விற்கவில்லையா என்பது வேறு. சக்கரம் சுற்றினாலே வரி. தறி இருந்தாலே வரி. வணிகவியல் படிப்பவர்கள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள். இது விற்பனை வரி இல்லை, தொழில் வரி. மழை பொய்த்து ஊரில் யாரும் பானை வாங்காத வருடத்திலும் குயவர் கட்டியாக வேண்டிய வரி.

அளவைகள் அன்று எப்படி இருந்தன? 8 நாழி ஒரு குறுணி. 12 குறுணி ஒரு கலம். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மரக்கால் இல்லை. அதனால்தான் கல்வெட்டுகள் நெல்லைக் குறிப்பிடும்போது எந்த மரக்காலால் அளந்தது என்றும் சேர்த்தே சொல்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரும் "ஆடவல்லான்" மரக்கால் இதற்குப் பிரபலமான உதாரணம். வரி வாங்குகிறவர் பெரிய மரக்காலால் வாங்கி, சிறிய மரக்காலால் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அளவையும் ஒரு மறைமுகச் சுங்கம்தான்!

முதலாம் குலோத்துங்கனுக்கு (1070 முதல் ஆட்சி) "சுங்கம் தவிர்த்த சோழன்" என்று பெயர் உண்டு. ஒரு ராஜாவுக்கு எத்தனையோ பட்டங்கள். போர்களில் வென்ற பட்டங்கள் எல்லாம் புத்தகத்தில் தங்கிவிட, இந்த ஒரு பட்டம் மட்டும் பள்ளிப் பிள்ளைகள் வரை எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. சுங்கம் மக்களை எந்த அளவுக்கு அழுத்தியிருக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

1429: போதும் என்று சொன்ன வருடம்

சோழர் போய், பாண்டியர் போய், விஜயநகர ஆட்சி வந்தது. வரிகளின் பெயர்கள் சில மாறின, எண்ணிக்கை குறையவில்லை. ஆட்சியாளரின் அதிகாரிகளும், நிலம் வைத்திருந்த பெரியவர்களும் சேர்ந்து நெருக்கினார்கள்.

இரண்டாம் தேவராயர் காலத்தில், 1429ஆம் ஆண்டில், இந்த வட்டாரத்தில் ஒரு பெரிய விஷயம் நடந்தது. பாடப்புத்தகங்களில் இதற்கு ஒரு வரி கூடச் சரியாகக் கிடைப்பதில்லை. வலங்கை, இடங்கை என்று இரண்டு பெரிய பிரிவுகளாக இருந்த உழைக்கும் சாதிகள், கைவினைஞர்கள், வணிகர்கள் ஒன்றுகூடினார்கள். வழக்கமாக ஒன்றோடொன்று மோதிக்கொண்ட பிரிவுகள் இவை. அன்று ஒரே பக்கம் நின்றன. எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்து ஊரான விருத்தாசலத்திலும், கொறுக்கை, ஆடுதுறை போன்ற சோழநாட்டு ஊர்களிலும் அந்த ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டுகள் இருக்கின்றன.

அவர்கள் எடுத்த முடிவின் சாரம் இதுதான்: நியாயமான, ஒப்புக்கொண்ட வரியை மட்டும் கட்டுவோம். அதற்கு மேல் கேட்டால் கட்ட மாட்டோம். நெருக்கும் அதிகாரிகளுக்கு இடம் கொடுக்க மாட்டோம், அவர்களுக்குக் கணக்கு எழுத மாட்டோம். மீறி உதவுகிறவர்களை நம்மில் ஒருவராக நினைக்க மாட்டோம்.

கணக்கு எழுத மாட்டோம்! இதுதான் இதில் அசத்தலான இடம். வாளைத் தூக்கவில்லை. எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார்கள். கணக்குப்பிள்ளை இல்லாமல் எந்த அரசும் வரி வாங்க முடியாது என்பதை 600 வருடத்துக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தார்கள். எந்தத் தொழிலுக்கு எவ்வளவு என்று எழுதிக் கல்லில் வெட்டி வைக்கும் பழக்கமும் இந்த நெருக்கடியோடு சேர்ந்தே வருகிறது. இன்றைக்குச் சந்தை வாசலில் கட்டண விவரப் பலகை வைக்க வேண்டும் என்று கேட்கிறோமே, அதன் மூதாதை இந்தக் கல்வெட்டுகள்தான்.

ஏன் வாரத்துக்கு ஒரு நாள்?

சரி, சந்தை ஏன் தினமும் கூடுவதில்லை? சோம்பேறித்தனம் இல்லை, கணக்குதான்.

ஒரு கிராமத்தில் நாள்தோறும் எத்தனை பானை விற்கும்? எத்தனை அரிவாள் விற்கும்? தினமும் கடை திறந்து உட்கார்ந்தால் குயவருக்கும் கொல்லருக்கும் கட்டுபடியாகாது. அதற்குப் பதில் பத்துப் பதினைந்து கிராமங்களின் தேவையை ஒரே நாளில் ஒரே மைதானத்துக்குக் கொண்டுவந்தால்? வியாபாரம் நடக்கும். அடுத்த நாள் வியாபாரி அடுத்த சந்தைக்கு நகர்வார். ஊர் நகராமல் இருக்க, கடை நகர்ந்துகொண்டே இருக்கும். சீனாவின் செசுவான் கிராமங்களை ஆராய்ந்த அமெரிக்க மானுடவியலாளர் ஸ்கின்னர் 1960களில் இதையே விளக்கி எழுதினார். விவசாயிக்கு உலகம் என்பது அவன் கிராமம் இல்லை, அவன் போகும் சந்தையின் எல்லை என்பது அவர் கருத்து. நம் ஊர்க் கிழவிகளுக்கு இது ஏற்கெனவே தெரியும். பெண் எடுத்ததும் கொடுத்ததும் சந்தையில் பார்த்துப் பேசிய குடும்பங்களுக்குள்தானே!

எலவனாசூர்கோட்டைக்காரர்களுக்கு எட்டும் தூரத்தில் உளுந்தூர்பேட்டை புதன்கிழமைச் சந்தை ஆடுகளுக்குப் பெயர் போனது. தீபாவளி, பக்ரீத் சமயத்தில் வெளியூர் வியாபாரிகள் வண்டியோடு வந்து நிற்பார்கள். ஆடுமாடு வியாபாரத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. தரகர் துண்டை மேலே போட்டு, அதற்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவது. சுற்றி நிற்கும் யாருக்கும் விலை தெரியாது. விற்கிறவருக்குத் தெரிந்த விலை வேறு, வாங்குகிறவருக்குத் தெரிந்த விலை வேறாகவும் இருக்கலாம். நடுவில் இருப்பது தரகரின் விரல்.

பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் தகவல் யாரிடம் இருக்கிறதோ அவரிடமே லாபமும் இருக்கும் என்ற பொருளாதாரப் பாடத்துக்கு இதைவிட எளிய விளக்கம் இல்லை.

மலையிலிருந்து இறங்கி வந்த கடுக்காய்

மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. அங்கிருந்து சமவெளிச் சந்தைகளுக்குக் காலங்காலமாக இறங்கி வந்தவை தேன், கடுக்காய், புளி, சாமை, தினை, பலாப்பழம். மேலே ஏறிப் போனவை உப்பு, துணி, இரும்புச் சாமான்.

இதில் கடுக்காய்க்கு ஒரு தனிக் கதை. சித்த மருந்துக்குப் பயன்படும் அதே கடுக்காய் தோல் பதனிடவும் பயன்படும். ஆங்கிலேயர் காலத்தில் தோல் தொழிற்சாலைகளுக்காக அது வெளிநாட்டுக்கும் கப்பலேறியது. ஆனால் பொறுக்கியவர் கைக்கு வந்தது என்ன? கொஞ்சம் உப்பும் துணியும் என்ற அளவில்தான் பண்டமாற்று. உலகச் சந்தையின் ஒரு முனை லண்டன், மறுமுனை மலைக்காட்டு ஒற்றையடிப் பாதை. இந்த இரண்டுக்கும் இடையில் எத்தனை கை!

சமவெளியில் சந்தை வாசலில் சுங்கம் என்றால், மலையில் வாசல் வரைக்குமே வர விடவில்லை. கல்வராயன் மலை நீண்ட காலம் மூன்று ஜாகீர்களின் பிடியில் இருந்தது. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்பவை அந்த ஜாகீர் குடும்பங்களின் பட்டப்பெயர்கள். மலையாளிப் பழங்குடி மக்கள் ஏருக்கும் தலைக்கும் வரி கட்டினார்கள், கூலியில்லாத வேலையும் செய்தார்கள். நாடு சுதந்திரம் அடைந்தது 1947இல். ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது 1948இல். ஆனால் கல்வராயன் மலையை அரசு நேரடியாக எடுத்துக்கொண்டது 1976இல்தான். கிட்டத்தட்ட ஒரு தலைமுறைத் தாமதம்.

அதன் பிறகு கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக வனப்பொருள்களை வாங்கும் ஏற்பாடு வந்தது. 2006இல் வந்த வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமை பழங்குடி மக்களுக்கே என்று சொன்னது. 2013இல் மத்திய அரசு சிறு வனப்பொருள்களுக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலைத் திட்டம் கொண்டுவந்தது. அதன் முதல் பட்டியலிலேயே கடுக்காய், புளி, காட்டுத் தேன் மூன்றும் இருந்தன. நெல்லுக்கும் கோதுமைக்கும் ஆதரவு விலை வந்தது 1960களில். கடுக்காய்க்கு அதற்குப் பிறகு ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று.

சாயர், மொஹதர்பா, மணிலாக்கொட்டை

கம்பெனி ஆட்சி வந்தபோது உள்நாட்டுச் சுங்கச் சாவடிகள் ஊருக்கு ஊர் இருந்தன. இதற்கு "சாயர்" என்று பெயர். சரக்கு ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடம் போவதற்குள் பல முறை வரி. இங்கிலாந்து ஆலைத்துணி ஒரு முறை வரி கட்டி உள்ளே வர, உள்ளூர்த் தறித்துணி வழி நெடுக வரி கட்டியது. கடைசியில் சென்னை மாகாணத்தில் 1844இல் இந்த வழிச்சுங்கம் ஒழிக்கப்பட்டது. ஆனால் தறிக்கும் கடைக்கும் கைத்தொழிலுக்கும் போட்ட "மொஹதர்பா" வரி அதற்கு மேலும் சில காலம் நீடித்தது. அதாவது பழைய தறி இறையும் அங்காடிப் பாட்டமும் பாரசீகப் பெயரில் வெள்ளைக்காரர் காலம் வரை உயிரோடு இருந்தன!

வழிச்சுங்கம் போயிற்று. அப்படியானால் விவசாயிக்கு முழுப்பணமும் கிடைத்திருக்க வேண்டுமே? இல்லை. வாசலில் நின்றவர் போனார், கடைக்குள் இருந்தவர் வந்தார்.

19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் தென்னார்க்காடு முழுவதும் நிலக்கடலை பரவியது. இந்தப் பக்கம் மணிலாக்கொட்டை, மல்லாட்டை என்பார்கள். புதுச்சேரி வழியாகப் பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குப் போய் அங்கே எண்ணெயாயிற்று, சோப்பாயிற்று. புன்செய்க்காரர் கையில் முதல் தடவையாகக் கொஞ்சம் ரொக்கம் புரண்டது. ஆனால் விதைக்கு முன்பணம் கொடுத்தவர் மண்டிக்காரர். அறுவடையானதும் சரக்கு அவரிடமே போயாக வேண்டும். விலையும் அவர் சொல்வது, எடையும் அவர் போடுவது. தரகு, மகமை, மாதிரிக்கு எடுத்தது, சாக்குக்குக் கழித்தது என்று வரிசையாகப் பிடித்தம். எடை அன்று வீசை, மணங்கில். 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. கல் உண்மையானதா என்று சோதிக்க விவசாயிக்கு வழியில்லை.

1928இல் இந்திய விவசாயம் பற்றிய ராயல் கமிஷன் இந்தப் பிடித்தங்களைக் கண்டித்து, சட்டத்துக்கு உட்பட்ட விற்பனைக் கூடங்கள் வேண்டும் என்றது. 1933இல் சென்னை வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம் வந்தது. அப்படி உருவானவைதான் இன்று ஊருக்கு ஊர் காணும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள். கள்ளக்குறிச்சியிலும் உளுந்தூர்பேட்டையிலும் மக்காச்சோளமும் நெல்லும் கடலையும் குவிந்து கிடப்பதைப் பார்க்கலாம். இங்கே விலை துண்டுக்குள் பேசப்படுவதில்லை. சந்தைக் கட்டணத்தை வாங்கும் வியாபாரி கட்ட வேண்டும், விற்கும் விவசாயி இல்லை. ஆயிரம் வருடக் கணக்கில் சுங்கம் பக்கம் மாறிய இடம் இது. சின்ன விதி, பெரிய மாற்றம்!

எடையிலும் மாற்றம் வந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி 1958 முதல் படிப்படியாக மெட்ரிக் முறை புகுந்தது. வீசை போய் கிலோ வந்தது. இருந்தாலும் பூ முழத்தில், பழம் சீப்பில், கத்தரிக்காய் கூறு கட்டி விற்பது சந்தையில் நிற்கவில்லை.

ஏலம் ஒரு தரம்... இரண்டு தரம்...

ஆனால் ஒழுங்குமுறைக் கூடம் மூட்டை மூட்டையாகக் கொண்டுவருபவருக்கு. கூடை கூடையாகக் கொண்டுவருபவருக்கு? அவருக்கு வாரச்சந்தைதான்.

1884இல் வந்த ஸ்தல ஸ்தாபனச் சட்டத்துக்குப் பிறகு பொதுச் சந்தைகள் உள்ளாட்சி நிர்வாகத்தின் கீழ் வந்தன. சந்தைக் கட்டணம் ஊரின் வருமானம் ஆனது. இன்றைக்கும் 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி பொதுச் சந்தைக்கு ஊராட்சி கட்டணம் வசூலிக்கலாம். பெரும்பாலும் அதை நேராக வசூலிப்பதில்லை. வசூலிக்கும் உரிமையை வருடத்துக்கு ஒரு தடவை ஏலம் விடுகிறார்கள். ஏலம் எடுத்தவர் மொத்தப் பணத்தை முன்னே கட்டிவிட்டு, பிறகு ஆள் வைத்து ரசீதுப் புத்தகத்தோடு ஒவ்வொரு சாக்காகப் போய் வசூலிப்பார்.

இதில் என்ன சிக்கல்? ஊராட்சிக்கு நிச்சயமான வருமானம், அது நல்லது. ஆனால் ஏலத்தொகை ஏற ஏற, எடுத்தவர் அதை மீட்டாக வேண்டும். யாரிடம்? கீரைக்கட்டு அம்மாவிடம். ஏலத்தொகைக்கு உச்சவரம்பு இல்லை, ஆனால் தரைக் கட்டணத்துக்கு உண்டு. அந்த வரம்பு பலகையில் எழுதப்பட்டு, படிக்கக்கூடிய இடத்தில் இருந்தால்தான் அதற்கு அர்த்தம். 1429இல் கல்லில் வெட்டியவர்கள் புத்திசாலிகள்.

1999: சுங்கம் தவிர்த்த சந்தை

1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையை அன்றைய முதல்வர் மு. கருணாநிதி திறந்து வைத்தார். யோசனை முற்றிலும் புதிதல்ல. பஞ்சாபில் 1987இல் "அப்னி மண்டி", ஆந்திராவில் 1999 ஜனவரியில் "ரைத்து பஜார்" வந்துவிட்டன. ஆனால் தமிழ்நாட்டில் மிக வேகமாகப் பரவியது. கள்ளக்குறிச்சிக்கும் வந்தது.

விதிகள் எளிமையானவை. விவசாயி மட்டும் விற்கலாம், அதற்குப் புகைப்பட அடையாள அட்டை. கடைக்கு வாடகை இல்லை. தராசு அரசே கொடுக்கும். அன்றைய விலை மொத்த விலையைவிடச் சற்றுக் கூடுதலாகவும், வெளிக்கடைச் சில்லறை விலையைவிடக் குறைவாகவும் தீர்மானிக்கப்பட்டு, வாசலில் பலகையில் எழுதப்படும்.

சுங்கம் இல்லை, தரகு இல்லை, கள்ளத்தராசு இல்லை, துண்டு இல்லை. இந்த நான்கையும் ஒரே நேரத்தில் எடுத்த ஏற்பாடு இது. 2001இல் ஆட்சி மாறியதும் பல சந்தைகள் கவனிப்பாரின்றிக் கிடந்தன. 2006இல் மீண்டும் உயிர் வந்தது. நல்ல ஏற்பாடு கூட அரசியல் காற்றுக்கு ஏற்ப ஆடுகிறது என்பது வருத்தமான பாடம். விவசாயி பேரில் வியாபாரி உட்காரும் கள்ளத்தனமும் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது. அடையாள அட்டையைச் சோதிக்கிற அதிகாரி இருக்கும் வரைதான் அது உழவர் சந்தை.

கைவினைக்கு உழவர் சந்தை எங்கே?

இப்போது கணக்கில் ஒரு பாதி மட்டும் முடிந்தது. காய்கறிக்கு இடம் கிடைத்தது. பானைக்கு? முறத்துக்கு? மரச்சிற்பத்துக்கு?

பழைய வரிப் பட்டியலில் குயவரும் தறிக்காரரும் தட்டாரும் உழவருக்குச் சமமாக நின்றார்கள். வரி போடும்போது மறக்காதவர்கள், சலுகை கொடுக்கும்போது மறந்துவிட்டார்கள். பிளாஸ்டிக் குடம் வந்தபோது மண்பானை பொங்கலுக்கு மட்டும் என்றாயிற்று. பிளாஸ்டிக் முறம் வந்தபோது மூங்கில் முறம் கல்யாணச் சீருக்கு மட்டும் என்றாயிற்று. வாரச்சந்தையின் ஓரத்தில்தான் இன்னும் அவர்களுக்கு இடம்.

இந்த மாவட்டத்தின் பெருமையான கைவினை கள்ளக்குறிச்சி மரச்சிற்பம். மா, வேம்பு, மகோகனி மரங்களில் சாமி சிலைகள், கதவுகள், அலங்காரப் பலகைகள் என்று உளியாலேயே செதுக்குவார்கள். 2021இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2003இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, இந்தப் பெயரை வேறு ஊர்க்காரர் போட்டு விற்க முடியாது.

நல்லதுதான். ஆனால் குறியீடு பெயரைத்தான் காக்கும், விலையை அல்ல. ஒரு சிலை சென்னைக் கடையிலோ இணையத்திலோ எத்தனை ஆயிரத்துக்கு விற்றாலும், செதுக்கியவருக்குக் கிடைப்பது இடையில் வாங்கியவர் கொடுத்ததுதான். பூம்புகார் விற்பனை நிலையங்கள், மகளிர் சுய உதவிக் குழுக் கண்காட்சிகள் இருக்கின்றன. ஆனால் வாரம் தவறாமல், வாடகை இல்லாமல், செய்தவரே வந்து உட்கார்ந்து, விலையைப் பலகையில் எழுதி விற்கும் ஓர் இடம் இல்லை. உழவர் சந்தையின் நான்கு விதிகளில் எதுவும் உழவருக்கு மட்டும் பொருந்துவது அல்ல. அதே மைதானத்தில் ஒரு வரிசையைக் குயவருக்கும் கூடை முடைவோருக்கும் சிற்பிக்கும் ஒதுக்கினால் போதும். புதிதாகக் கட்டடம் கூட வேண்டாம்.

கணக்கை முடிப்போம்

அங்காடிப் பாட்டம், தறி இறை, சாயர், மொஹதர்பா, தரகு, மகமை, சந்தை ஏலம். ஆயிரம் வருடத்தில் பெயர்கள் மாறியிருக்கின்றன. ஒவ்வொரு முறை ஒரு சுங்கம் ஒழிந்தபோதும் இன்னொன்று வேறு உருவத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதே சமயம், ஒவ்வொரு முறையும் நியாயம் கிடைத்த இடங்களில் ஒரு பொதுவான அம்சம் இருக்கிறது. கட்டணம் எவ்வளவு என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதப்பட்டது. அது கல்வெட்டாக இருக்கலாம், உழவர் சந்தையின் கரும்பலகையாக இருக்கலாம்.

அடுத்த தடவை உளுந்தூர்பேட்டையிலோ தியாகதுருகத்திலோ கள்ளக்குறிச்சியிலோ சந்தைக்குப் போகிறவர்கள் காய் வாங்கும் முன் மூன்று விஷயங்களைப் பார்க்கலாம். கட்டண விவரப் பலகை இருக்கிறதா? தராசில் அரசு முத்திரை இருக்கிறதா? ரசீதில் போட்ட தொகையும் வாங்கிய தொகையும் ஒன்றா? மூன்றுக்கும் ஆமாம் என்றால், எட்டு ரூபாய்க்குப் பேரம் பேசாமல் பத்து ரூபாயைக் கொடுத்துவிடலாம். அந்தப் பத்தில் பெரும்பகுதி உரியவர் முடிச்சில் போய்ச் சேரும்.